தங்கையின் அடுப்பும் என் தலைக்கட்டும்

ஐயா அவர்களுக்கும் அம்மையார் அவர்களுக்கும் வணக்கம். இதனை வாசிக்கப்போகும் தாங்கள் யாரென்று நான் அறியேன். கடற்காற்று படும் ஊரொன்றில் இருப்பவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நான் இருப்பது மைசூரில். தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊரில் பிறந்து, ரயில்வே பணிமனையில் கலாசி என்னும் கையாள் வேலை கிடைத்து, மீசை அரும்பிய வயதில் இங்கு வந்து சேர்ந்தவன். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பிறகு கற்றதெல்லாம் வாசகசாலை மேசையில் கற்றது. ஆதலின் என் நடையில் பிழை காணின் பொறுத்தருள வேண்டும்.

1

மைசூர் அயல்நாடு அன்று என்று தாங்கள் சொல்லக்கூடும். வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆயினும் அக்ரகாரத்துத் தெருவில் நான் காலையில் பால் வாங்கும் கடைக்கு எவரேனும் புதிதாக வேலைக்கு வந்தால், நான் வாய் திறந்த மாத்திரத்தில் “தமிழா?” என்று கேட்டுவிடுகிறார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கன்னடம் பேசியும் என் நாக்கிலிருந்து உப்பு போகவில்லை போலும். சரி, ஊருக்குப் போனால் மாயவரம் பேருந்து நிலையத்தில் “சாருக்குக் கர்நாடகாவா?” என்கிறார்கள். இரண்டு இடத்திலும் நான் அடுத்த இடத்துக்காரன்.

அலுவலகங்களிலும் என் நிலை ஏறக்குறைய இதுவே. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுக்கொரு முறை தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். பணிமனை இரும்பு என் விரல் ரேகைகளைத் தின்றுவிட்டது. ஆகவே வங்கியில் உள்ள கருவி என்னை ஏற்பதில்லை. சென்ற முறை அங்கிருந்த பெண், “தாத்தா, இன்னொந்து பெரளு இடி” என்று பொறுமையோடு ஒவ்வொரு விரலாக வைக்கச் செய்தாள். கடைசியில் இடக்கைச் சுண்டுவிரல்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி கமலம், “அப்பச் சுண்டுவிரல் அளவுக்குத்தானுங்க நீங்க உசுரோட இருக்கறீங்களாமா” என்றாள். கமலம் கர்நாடக எல்லைக்குள் தமிழ் பேசுவோர் வாழும் மார்டள்ளிப் பக்கத்துப் பெண். ராகியும் மக்காச்சோளமும் விளையும் ஊர். எல்லையில் ஓடும் பாலாற்றைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் அவள் போனது என்னை மணந்த பிறகுதான்.

எங்களுக்கு ஒரே மகள், நிர்மலா. தமிழில் பேசுவாள்; கன்னடத்தில் சிந்திப்பாள். கோபம் வந்தால் முழுவதும் கன்னடம். எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிப்பாள். கடலை விருந்தாளியாகப் பார்த்த அந்தக் குழந்தை கரையோர ஊர்களின் நலத்தை அளக்கும் ஆய்வுக் குழுவொன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது, எனக்குள் ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்னதென்று எழுதத் தெரியவில்லை.

அளப்பது எப்படி என்று அவளிடம் கேட்டறிந்தேன். ஒரு கடற்கரை நலமாக உள்ளதா என்பதை மீனையும் மணலையும் நீரையும் மட்டும் சோதித்துச் சொல்ல இயலாதாம். அங்கு வாழ்பவர் எத்தனை வகை வேலை செய்து பிழைக்கிறார், மீன்பிடித் தடைக்காலத்தில் எதை உண்கிறார், குடிநீர் கரிக்கிறதா, கூரை எத்தகையது, ஊர்க்கூட்டத்தில் அவர் சொல்லுக்கு இடமுண்டா, தம் பிள்ளைகள் கரையில் இருக்க வேண்டுமென்று விரும்புகிறாரா என்று வீடு வீடாகக் கேட்கிறார்கள். விடைகளுக்கு மதிப்பெண் இட்டு, ஊரின் நிலையை ஒரே எண்ணாகச் சுருக்குகிறார்கள். எண் குறைந்த ஊருக்கு அரசு உதவி முதலில் போகும். அவ்வுதவிகளில் ஒன்று, பெண்கள் கருவாடு காய வைப்பதற்கான உயர்ந்த சிமெண்டுத் தளம்.

ஒருநாள் மாலை வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றாமலே சொன்னாள். “அப்பா, உங்க ஊரு மேல வந்திருக்கு. சுத்துப்பட்டு ஊர்லயே நம்பர் ஜாஸ்தி.”

மறுநாள் நடைப்பயிற்சித் தோழர்கள் அனைவருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றார்கள். “எங்கள் ஊர் தேறிவிட்டது” என்றேன்.

2

இரண்டு வாரம் சென்றிருக்கும். இரவு உணவுக்கு உட்கார்ந்திருந்தோம். நிர்மலா மடிக்கணினியை மூடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அப்பா, அஞ்சலை அத்தை வீட்ல யார் யார் இருக்காங்க?”

“அவ ஒருத்திதான். உனக்குத் தெரியாதா?”

அஞ்சலை என் ஒரே தங்கை. கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. பிள்ளையில்லை. எங்கள் பெற்றோர் இருந்த வீட்டில் இருக்கிறாள். கரையில் மீன் வாங்கி, கருவாடு போட்டு, சந்தைக்குக் கொண்டுபோய் விற்பவள்.

“இல்லப்பா, இங்க ஒரு வீடு இருக்கு. பேரு கொடுக்க மாட்டாங்க, நம்பர் மட்டும்தான். வீட்டுத் தலைவர் ரயில்வே பென்ஷன் வாங்கறாரு. ஒரே மகள், எம்.எஸ்ஸி. வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்கு, ஸ்கூட்டர் இருக்கு, நல்ல தண்ணிக் குழாய் இருக்கு.”

“அட, நம்ம ஊடாட்டவே இருக்குதே” என்றாள் கமலம்.

“நம்ம வீடேதாம்மா. ‘தலைவர் தற்போது மைசூரு’ன்னு போட்டிருக்கு. அய்யோ தேவரே, அந்த ஊர்லேந்து மைசூருக்கு வந்தவரு அப்பாவை விட்டா யாரு?”

இதை வெளியூர் வாசகருக்கு விளக்க வேண்டும். எங்கள் பக்கத்து மீனவர் ஊர்களில் மணமான ஆண்மகன் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு ஊருக்கு வரி கட்டுவான். ஊர்ப் பொதுவில் எது பங்கிட்டாலும் தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வெளியூர் போனாலும் வரி செலுத்தி வருபவன் ஊர்க்காரனே. நானும் விடாது செலுத்தி வந்தேன். கைம்பெண்ணுக்கு வரி இல்லை. ஆதலால் தலைக்கட்டும் இல்லை. அவள் அண்ணனுடைய அல்லது மகனுடைய தலைக்கட்டில் அடங்குவாள்.

ஆய்வுக் குழுவின் விதியோ வேறு. ஒரே அடுப்பில் உண்போர் ஒரு குடும்பம். வீடுகளைக் காட்டித் தரும்படி கணக்கெடுக்க வந்தவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தைக் கேட்டிருக்கிறார்கள். பஞ்சாயத்து தனக்குத் தெரிந்தபடி தலைக்கட்டு தலைக்கட்டாகக் காட்டியிருக்கிறது. வாசலில் கேட்டபோதும் விடை அப்படியே வந்திருக்கிறது. மைசூரில் நான் வாங்கும் ஓய்வூதியமும், நான் குடிக்கும் காவிரித் தண்ணீரும் என் தங்கை கணக்கில் ஏறிவிட்டன. நான் மட்டும் அல்லன். சிங்கப்பூரிலும் மஸ்கட்டிலும் இருக்கும் அண்ணன் தம்பிகள், மகன்கள் எல்லோருமாகச் சேர்ந்து கரையில் இல்லாமலே கரையைத் தேற்றியிருக்கிறோம்.

அஞ்சலையின் உண்மை நிலை எனக்குத் தெரியும். அவள் கருவாடு பரப்பும் மணல்மேட்டைக் கடல் ஆண்டுதோறும் தின்றுவருகிறது. இப்போது சாலையோரத்தில் தார்ப்பாயை விரித்துக் காய வைக்கிறாள். பேருந்து போனால் புழுதி, ஆடு வந்தால் அதன் வாய், மழை வந்தால் எல்லாம் புழு. அந்தச் சிமெண்டுத் தளம் அவளைப் போன்றவர்களுக்கானது. எண் மேலே போனதால் தளம் வேறு ஊருக்குப் போகும்.

உடனே தொலைபேசியில் அழைத்தேன்.

“ஏம்புள்ள, வூட்டுத் தலைவர் யாருன்னு கேட்டதுக்கு என் பேரயா சொன்ன?”

“பின்ன யாரு பேரச் சொல்றது? எதுத்த வூட்டுக்காரன் பேரயா?”

“நான் மைசூர்ல இருக்கேன் அஞ்சல.”

“இருந்தா? வரி யாரு பேர்ல போவுது?”

“அவங்க கேட்டது ஒரே அடுப்புல சாப்புடுறவங்கள.”

“நீ வந்தா இந்த அடுப்புலதான சாப்புடுற? பொங்கலுக்கு வந்து சுறாப் புட்ட வழிச்சு வழிச்சுத் தின்னியே, அது எந்த அடுப்பாம்?”

“ஒருத்தியா இருக்கேன்னு சொல்லிருந்தா தளம் கெடைக்குமாம். திரும்ப வந்து கேட்டா அப்புடிச் சொல்லு.”

அவள் குரல் உயர்ந்தது.

“அண்ணன உசுரோட வச்சிக்கிட்டு, ஒத்தப் பொம்பளன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றியா? தளமும் வேணாம் ஒன்னும் வேணாம். வச்சிர்றேன்.”

வைத்துவிட்டாள்.

3

நிர்மலா மறுநாள் தன் மேலதிகாரியிடம் தவற்றை எடுத்துச் சொன்னாள். அவ்வூரில் மறுபடியும் கணக்கெடுக்க ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வேறொருவர்தாம் போவார். சொந்தக்காரர் வீட்டை நாமே அளக்கலாகாது என்பது அவர்கள் விதி. “வாசல்ல என்ன சொல்றாங்களோ அதுதான் எழுதுவாங்கப்பா. அத்தை மறுபடியும் உங்க பேரைச் சொன்னா, நான் ஏனும் மாடக்கே ஆகல்ல” என்றாள். தன்னால் ஏதும் செய்ய இயலாது என்பதைச் சொல்லும்போது அவள் கன்னடத்துக்குள் போய்விட்டாள்.

அஞ்சலையை எனக்குத் தெரியும். ஊரில் வரி என் பெயரில் போகும்வரை அவள் வாயிலிருந்து வேறு பெயர் வராது. ஆகவே செய்ய வேண்டியது ஒன்றே: என் தலைக்கட்டை விட்டுக்கொடுத்து, அவளைத் தனியாக எழுதச் சொல்வது.

எழுதுவதற்கு எளிதாக உள்ளது. அந்த வாரம் முழுவதும் அதை எண்ணி எண்ணி மறுத்துக்கொண்டிருந்தேன். கமலத்தை மணந்து ஊருக்கு அழைத்துச் சென்ற ஆண்டு நினைவுக்கு வந்தது. கோயில் முன் பங்கு கொடுத்தபோது முதன்முறையாக என் பெயரைக் கூப்பிட்டார்கள். அதுவரை நான் இன்னாருடைய மகன். கடலையே அதற்குமுன் கண்டிராத கமலம் அலையைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்தாள். “உங்களையத்தான் கூப்படறாங்க, போங்க” என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

வேறொன்றும் உண்டு. தலைக்கட்டு ஒருவன் இறந்தால் அன்று எங்கள் ஊரில் எந்தப் படகும் கடலுக்குப் போகாது. நான் மைசூரில் கண்மூடினாலும், செய்தி போன மாத்திரத்தில் படகுகள் எல்லாம் கரையில் நிற்கும் என்று பல ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எனக்குத் துணையாக இருந்தது. எவரிடமும் சொன்னதில்லை.

கமலத்திடம் அன்று சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“உங்க பேரு எங்கீங்க போயிரும்? ரேசன் கார்டுல இருக்குது, பென்சன்ல இருக்குது, எம்பட வாயில இருக்குது. அந்தப் புள்ள பேரு எங்கிருக்குது, சொல்லுங்க பாக்கலாம்.”

மாயவரம் போகும் ரயிலில் இடம் பதிவு செய்தேன்.

4

ஊர்க்கூட்டம் மாலையில் கோயில் முன் கூடியது. தலைவர் என் பள்ளித் தோழனுடைய மகன். என்னைப் பெரியப்பா என்பவர். ஆண்கள் மணலில் அமர்ந்திருந்தார்கள். பெண்கள் வழக்கம்போல் சுவரோரம் நின்றார்கள். அஞ்சலையும் நின்றாள். நான் வந்த காரணத்தை அறிந்து, காலையிலிருந்து என்னோடு பேசாமல் சோறு மட்டும் போட்டிருந்தாள்.

எழுந்து நின்று, என் தலைக்கட்டை எடுத்துவிட்டு என் தங்கையைத் தனித் தலைக்கட்டாக எழுதும்படி கேட்டுக்கொண்டேன். நான் அமருமுன்னே சுவரோரத்திலிருந்து அவள் குரல் வந்தது.

“அதெல்லாம் ஒன்னும் வேணாம் தம்பி. ரயிலு ஏறி வந்த களப்புல பேசுது.”

கூட்டம் சிரித்தது. தலைவர் கவலையோடு என்னைப் பார்த்தார். “பெரியப்பா, எவனாச்சும் ஏதும் பேசிட்டானா? மனசுல வச்சிக்கிட்டு சொல்றீங்களா?”

இல்லையென்று கூறி, அடுப்புக் கணக்கையும் தளத்தையும் விளக்கினேன்.

“அட, அதுக்கு அத்தைய வாசல்ல நின்னு தனியா இருக்கேன்னு சொல்லச் சொல்லுங்க. நாங்களா வேணாங்குறோம்?”

“சொல்ல மாட்டேங்கிறா.”

“அப்ப இது ஊருப் பிரச்சினயில்ல பெரியப்பா, உங்க வூட்டுப் பிரச்சின.”

மீண்டும் சிரிப்பு. அப்போது பஞ்சாயத்தாரில் மூத்தவர், என்னைவிடச் சற்று வயது கூடியவர், கையை உயர்த்தினார். அவர் கெட்டவர் அல்லர். வழக்கத்தைச் சொன்னார், அவ்வளவே.

“எப்புடியும் அது நடக்காது தம்பி. பொம்பள தலைக்கட்டு ஆவ முடியாது. பொம்பள என்னாத்த வரி கட்டி, என்னாத்த கூட்டத்துல ஒக்காந்து…”

“ஏன், ஒக்காந்தா மணலு கடிக்குமா?”

அஞ்சலைதான். ஒரு கணம் முன்வரை வேண்டாம் என்று நின்றவள் சுவரை விட்டு முன்னால் வந்துவிட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். மீன் ஏலத்தில் நிற்கும் தோரணை.

“இத்தினி வருசமா வரியக் கொண்டாந்து உங்க கையில குடுத்தது யாரு? எங்க அண்ணன் மைசூர்லேந்து நடந்து வந்தா குடுத்துச்சு? நான்தான குடுத்தேன். அது ஆஸ்பத்திரியில கெடந்த வருசம் கருவாடு வித்துக் கட்டுனேன். அப்பப் பொம்பள கைன்னு கசந்துச்சா?”

எனக்கு இது புதிய செய்தி. அறுவைச் சிகிச்சை முடிந்து நான் மாதக்கணக்கில் படுத்திருந்தபோது வரியைப் பற்றி நினைக்கவேயில்லை. அவளும் சொன்னதில்லை.

“அது உங்க அண்ணன் பேர்ல கட்டுனதும்மா” என்றார் மூத்தவர்.

“இந்த வருசம் என் பேர்ல கட்டுறேன். வாங்கிக்கிறீங்களா, இல்லியா?”

“எனக்கும் சேத்துக் கேளுக்கா” என்று சுவரோரத்தில் ஒரு குரல். “எனக்குந்தான், அஞ்சல” என்று இன்னொன்று.

தலைவர் தலையைச் சொறிந்துகொண்டார். “பெரியப்பா, ஒரு பேர எடுக்கச் சொல்லி வந்தீங்க. இப்பப் பாருங்க கூத்த.” பஞ்சாயத்தார் தமக்குள் வெகுநேரம் பேசினர். முடிவில், தனி அடுப்பு எரிக்கும் பெண்கள் விரும்பினால் வரி கட்டலாம், பெயரைக் கூப்பிடலாம் என்று ஆயிற்று. மூத்தவர் மட்டும், “கூட்டத்துல மொதல்ல ஓரமா ஒக்காரட்டும்” என்றார்.

“ஓரமாவே ஒக்காருறோம். அங்கேருந்தும் காது கேக்கும்” என்றாள் அஞ்சலை.

பிறகு தலைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அண்ணனையும் தங்கச்சியயும் ஒரே வூட்டுல ரெண்டு தலைக்கட்டா எழுதுற வழக்கமில்ல. அப்ப, பெரியப்பா பேரு…”

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். சினத்தின் வேகத்தில் அதை அவள் மறந்தே போயிருந்தாள். அந்த முகத்தை நான் பார்க்க முடியாமல், “எழுதிக்குங்க தம்பி” என்றேன்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். பாதி வழியில் அவள் பேசினாள்.

“கோவத்துல பேசிட்டேண்ணே. காலையில போயி மாத்திடச் சொல்லவா?”

“வேணாம்.”

“உனக்கு ஒன்னுன்னா படகெல்லாம் கடலுக்குப் போவுமேண்ணே.”

அவளுக்கும் அந்த நினைவு இருந்திருக்கிறது.

“போவட்டும். உனக்குக் காய வைக்க மீனு வேணும்ல?” என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கி, முடிக்காமல், என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தாள்.

5

நிற்க. மறு கணக்கெடுப்பு முடிந்து ஊரின் எண் கீழே இறங்கிவிட்டது. நிர்மலா வீட்டுக்கு வந்து, வருத்தமா மகிழ்ச்சியா என்று தெரியாத குரலில் அதைச் சொன்னாள். தளம் வருமா என்பது இன்னும் தெரியவில்லை. அரசுக் கோப்பு எங்கெங்கு நின்று வரும் என்பதைத் தாங்களும் அறிவீர்கள். வந்தால் எழுதுவேன், வராவிட்டால் அஞ்சலையே போய்க் கேட்பாள் என்று நம்புகிறேன். இப்போது அவளுக்குக் கேட்கத் தெரிந்துவிட்டது.

மறு கணக்கெடுப்புக்கு ஆய்வுக் குழுவிலிருந்து ஒரு பெண் வந்த நாளில் நான் இன்னும் ஊரிலேயே இருந்தேன். ரயில் மறுநாள்தான். அடுப்படியில் தட்டின் முன் அமர்ந்திருந்தேன். அஞ்சலை வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே விடை சொன்னாள்.

“குடும்பத் தலைவர் பெயர்?”

“அஞ்சல.”

பதில் தெளிவாக வந்தது. ஆயினும் சொன்னபின் ஒரு கணம் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“வீட்டில் எத்தனை பேர்?”

“நான் ஒருத்திதான்.”

தண்ணீர், கூரை, மழைக்காலம், கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என எல்லாவற்றுக்கும் சொன்னாள். கூட்டத்தில் பேச இடமுண்டா என்று கேட்டதற்கு, “ஓரமா உண்டு” என்றாள். கடைசியில் அந்தப் பெண் தலையை நீட்டி என்னைப் பார்த்தாள்.

“இதே அடுப்புல சாப்பிடுறவங்க வேற யாரும் இல்லன்னு சொன்னீங்களே, அப்ப இவங்க?”

அஞ்சலை உள்ளே வந்து, சட்டியிலிருந்த பெரிய துண்டம் மீனை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

“எங்க அண்ணன். மைசூர்லேந்து விருந்துக்கு வந்துருக்கு.”

அந்தப் பெண் எதையும் எழுதவில்லை. விருந்தாளிக்கு அந்தக் கேள்விகளில் இடம் இல்லையாம். ஆகவே இதனை நான் இங்கே எழுதினேன். தாங்கள் இதனைக் கழித்துவிடாமல் எடுத்து வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.